ஒரே ஒரு ஆப்ஷன்தானே?

"நாற்பது வரிதான், சேர்த்துக்கலாமே" என்ற குறிப்போடுதான் அந்த பேட்ச், அதாவது என் புரோகிராமுக்கான திருத்தம், வந்தது. எழுதியவர் பக்கத்து டீம்காரர், நல்ல மனிதர், கோடும் சுத்தமாக இருந்தது. மறுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. சேர்த்தேன்.

அப்போது நான் ஒரு சின்னச் சாதனத்துக்கான லினக்ஸ் சிஸ்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சிஸ்டம் மொத்தத்துக்கும் ஃப்ளாஷில் 8 எம்பி இடம், டேட்டாவுக்குத் தனி பார்ட்டிஷன். என் பொறுப்பில் ஒரு குட்டிக் கருவி இருந்தது. எந்த டைரக்டரி எவ்வளவு இடத்தைத் தின்கிறது என்று சொல்லும். லினக்ஸில் இதே இடக்கணக்கைச் சொல்லும் டியூ கட்டளைக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு முன்னால் இருந்தவர் அதை சி மொழியில் 310 வரியில் எழுதியிருந்தார். வரிக்கு ஒன்றாக முதலில் அளவு, அப்புறம் பாதை. வேறு எதுவும் தெரியாது அதற்கு. என் கைக்கு வந்து மூன்று வருஷம் கழித்து எண்ணிப் பார்த்தேன்: 2,900 வரி. ஒரு நாளும் ஐம்பது வரிக்கு மேல் சேர்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

அந்த நாற்பது வரி பேட்ச் செய்தது இதுதான்: திரையை நொடிக்கு ஒருமுறை தானாகப் புதுப்பிக்கும். இதற்கென்றே வாட்ச் என்று ஒரு கட்டளை காலங்காலமாக இருக்கிறது, எந்தக் கட்டளையைக் கொடுத்தாலும் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டும். அது தெரிந்தும் சேர்த்தேன். இரண்டு வாரத்தில் முதல் புகார் வந்தது, கன்ட்ரோல்-சி அடித்து வெளியே வந்தால் கர்சர் காணாமல் போகிறதாம். அதைச் சரி செய்தேன். அப்புறம் டெர்மினலின் அகலத்தை மாற்றினால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன என்றார்கள். அதையும் சரி செய்தேன். அரை நொடிக்கு ஒருமுறை வேண்டும் என்றார் ஒருவர். முந்தைய காட்சியிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் எடுத்துக் காட்டினால் நன்றாயிருக்கும், "வாட்ச் கட்டளையில் அது இருக்கிறதே" என்றார் இன்னொருவர். இருக்கிறதுதான். அப்படியானால் அதையே பயன்படுத்தியிருக்கலாமே என்று சொல்லும் உரிமையை நான் அதற்குள் இழந்துவிட்டிருந்தேன்.

பைட் கணக்கில் நான் கறாராகத்தான் இருந்தேன், அதுதான் வேடிக்கை. பல கட்டளைகளை ஒரே புரோகிராமாகச் சுருக்கித் தரும் பிஸிபாக்ஸ் பற்றித் தெரிந்தவர்களுக்கு அந்த மனநிலை புரியும். 1995-ல் டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தை நிறுவும் ஃப்ளாப்பிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக புரூஸ் பெரென்ஸ் தொடங்கியது அது. எல்எஸ், சிபி, கிரெப் போன்ற கட்டளைகள் எல்லாம் ஒரே பைனரிக்குள், அதாவது ஓடும் ஒரே ஃபைலுக்குள், இருக்கும். அதன் சோர்ஸ் கோடோடு புளோட்-ஓ-மீட்டர் என்று ஒரு ஸ்கிரிப்ட் வரும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கம்பைல் செய்து கொடுத்தால், எந்த ஃபங்ஷன் எத்தனை பைட் வளர்ந்தது, எத்தனை இளைத்தது என்று பட்டியல் போட்டு, கடைசி வரியில் மொத்தக் கூட்டல் சொல்லும். நானும் அதை ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஓட்டினேன். "மொத்தம்: 37" என்று வந்தால் மனசு குளிர்ந்துவிடும். 37 பைட்தானே! இப்படி முப்பத்தேழு முப்பத்தேழாகத்தான் வீடு நிறைந்தது. ஆனால் இடம் நிறைந்தது பெரிய விஷயமே இல்லை. 2,900 வரிக்குப் பிறகும் பைனரி நூறு கேபியைத் தாண்டவில்லை. நான் தராசில் வைத்துக்கொண்டிருந்ததே தவறான சரக்கு என்பது ஒரு சம்பவத்துக்குப் பிறகுதான் உறைத்தது.

குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய டைரக்டரிகளுக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி போட்டால் கண்ணில் படும் என்று ஒரு யோசனை வந்தது. ஆப்ஷன்கூட வேண்டாம், எல்லோருக்கும் உதவும் என்று நானே நினைத்தேன். வரியின் கடைசியில், பாதைக்கு அப்புறம் ஒரு ஸ்பேஸ், ஒரு ஆச்சரியக்குறி. இரண்டே எழுத்து.

வேறொரு டீமில் தினமும் ராத்திரி ஓடும் துப்புரவு ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது. என் கருவியின் வெளியீட்டை வாங்கி, ஆக் கட்டளையால் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லை எடுத்து, அதுதான் பாதை என்று நம்பி, அந்த டைரக்டரியில் பழைய ஃபைல்களை அழிக்கும். என் மாற்றம் போன ராத்திரியிலிருந்து கடைசிச் சொல் ஆச்சரியக்குறியாகிவிட்டது. அந்தப் பெயரில் டைரக்டரி ஏதும் இல்லை. ஸ்கிரிப்ட் கவனமாக எழுதப்பட்டது, இல்லாத டைரக்டரியைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். வரம்புக்குள் இருந்த டைரக்டரிகளுக்குக் குறி கிடையாது, அவை ஒழுங்காகத் துப்புரவாயின. வரம்பு தாண்டியவை, அதாவது உடனே துப்புரவு தேவைப்பட்டவை மட்டும், பொறுக்கி எடுத்ததுபோல் விடுபட்டன. பதினோராம் நாள் டேட்டா பார்ட்டிஷன் நிரம்பி சாதனங்கள் எழுத இடமில்லாமல் நின்றன. இடம் நிரம்பப் போகிறது என்று எச்சரிக்க நான் போட்ட குறிதான் இடத்தை நிரப்பியது.

அந்தக் கூட்டத்தில் என்னை யாரும் திட்டவில்லை. ஸ்கிரிப்ட் எழுதியவரைத்தான் "கடைசிச் சொல்லை எடுப்பதா?" என்று கேட்டார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஐந்து வருஷமாகப் பாதைதான் கடைசியில் வந்துகொண்டிருந்தது. நான் ஆவணத்தில் எழுதிக் கொடுக்காத வாக்குறுதியை என் கருவி தினமும் நிறைவேற்றிக்கொண்டிருந்தது, அவர் அதை நம்பினார். கருவியின் வெளியீடு மனிதர் பார்ப்பதற்கு மட்டும் என்று நினைப்பவர்கள் ஒருமுறையாவது இப்படி அடிபட வேண்டியிருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. அலங்காரம் எதுவானாலும் வெளியீடு டெர்மினலுக்குப் போகும்போது மட்டும், பைப்புக்கோ (ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொரு கட்டளைக்குக் கொடுக்கும் வழி) ஃபைலுக்கோ போனால் பழைய வடிவம் எழுத்து மாறாமல். இதுவும் முழுக் கவசம் கிடையாது. 2016-ல், அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான க்னூ கோர்யூட்டில்ஸ் 8.25 வந்தபோது, ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை, ஸ்பேஸ் உள்ள ஃபைல் பெயர்களை மேற்கோள் குறிக்குள் காட்டத் தொடங்கியது. டெர்மினலில் மட்டும்தான், ஸ்கிரிப்ட் எதுவும் உடையாது. பெயரை எடுத்து அப்படியே இன்னொரு கட்டளையில் ஒட்டினால் சரியாக வேலை செய்யும், நல்ல வசதி. ஆனாலும் பெரிய கூச்சல் எழுந்தது. பழகிய கண்களும் ஒரு வகை ஸ்கிரிப்ட்தான் போலிருக்கிறது.

ஒரு வசதி தனியாக வராது என்பதை டியூவின் வரலாறே காட்டும். டியூ, டிஎஃப் போன்றவற்றில் அளவுகளை "1.5 எம்", "900 கே" என்று படிக்க வசதியாகக் காட்டும் எச் ஆப்ஷன் வந்தது. எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் அந்த வெளியீட்டை வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளைக்குக் கொடுத்தால், ஒன்றரை எம்பி 900 கேபிக்குக் கீழே போய் உட்காரும். சார்ட்டுக்குத் தெரிந்ததெல்லாம் 1.5-ம் 900-ம்தான். 2009-ல் கோர்யூட்டில்ஸ் 7.5-ல் சார்ட்டுக்கும் ஒரு எச் ஆப்ஷன் கொடுத்தார்கள். ஒரு கருவியின் சௌகரியத்துக்கு இன்னொரு கருவி ஈடு கட்டியது.

என் கருவியிலும் இதே கதை. படிக்க வசதியான அளவு சேர்த்தேன். எங்கள் சாதனத்தில் இருந்த சார்ட்டுக்கு அதை வரிசைப்படுத்தத் தெரியாது, அதனால் உள்ளேயே வரிசைப்படுத்தும் வசதி. வரிசை வந்ததும் தலைகீழ் வரிசை. அப்புறம் முதல் பத்து மட்டும். கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காக மாடு வாங்கி, மாட்டைப் பார்த்துக்கொள்ளக் கல்யாணம் செய்துகொண்ட சாமியாரின் கதை எனக்குச் சின்ன வயதில் வெறும் நகைச்சுவைக் கதையாகத்தான் தெரிந்தது.

இன்னொன்று, வசதிகள் கூட்டல் கணக்கில் வளர்வதில்லை, பெருக்கல் கணக்கில் வளர்கின்றன. பத்து ஆப்ஷன் இருந்தால் சோதிக்க வேண்டியவை பத்து இல்லை, அவை ஒன்றோடொன்று சேரும் விதங்கள் 1,024. சிஸ்டத்தின் முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராகக் கட்டளையை ஓட்டவிடும் சுடோவில் 2021 ஜனவரியில் வெளியான ஓட்டையைப் பாருங்கள். ஷெல் வழியாக ஓட்டும் ஒரு ஆப்ஷன், ஃபைலைத் திருத்துவதற்கான சுடோ-எடிட் என்ற இன்னொரு முகம். தனித்தனியாக இரண்டும் ஒழுங்கு. இரண்டையும் சேர்த்து அழைத்தால் ஒரு பகுதி சிறப்பு எழுத்துகளுக்கு முன்னால் பின்சாய்கோடு போடாமல் விட்டுவிடும், அடுத்த பகுதி போட்டிருப்பதாக நினைத்து அதை எடுக்கும், அங்கே மெமரி எல்லை தாண்டும். சாதாரணப் பயனர் ரூட் ஆகிவிடலாம். 2011 ஜூலையில் நுழைந்த கோடு, ஒன்பதரை வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. யூனிக்ஸ் வகை சிஸ்டமான ஓபன்பிஎஸ்டி-காரர்கள் 2015-லேயே சுடோவை அடிப்படை சிஸ்டத்திலிருந்து எடுத்துவிட்டு, தங்களுக்குத் தேவையானதை மட்டும் செய்யும் டூஆஸ் என்ற சின்னக் கருவியை வைத்துக்கொண்டது எனக்கு அப்போது மிகையாகப் பட்டது. இப்போது படவில்லை.

மிகச் சின்னக் கருவிக்கும் இந்த நோய் உண்டு. ட்ரூ என்று ஒரு கட்டளை. வெற்றி என்று சொல்லிவிட்டு வெளியேறுவதைத் தவிர அதற்கு வேலையே இல்லை. ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் அது வெறும் காலி ஃபைல். இன்றைய க்னூ ட்ரூவுக்கு உதவிக் குறிப்பும் பதிப்பு எண்ணும் காட்டத் தெரியும். அதன் விளைவு அதன் கையேட்டிலேயே இருக்கிறது: உதவியைக் காட்டச் சொல்லி, வெளியீட்டை எழுத முடியாத இடத்துக்குத் திருப்பினால், ட்ரூ தோல்வி என்று சொல்லும். சட்டப்படி சரிதான், எழுதச் சொன்னார்கள், எழுத முடியவில்லை. ஆனாலும் தோற்கத் தெரிந்த ட்ரூ!

சரி, இதையெல்லாம் கற்ற பிறகு நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். எதைக் கேட்டாலும் "பைப் போட்டுக்கொள்ளுங்கள்." 1983-ல், பெல் லேப்ஸில் யூனிக்ஸ் வேலை பார்த்த ராப் பைக் ஒரு மாநாட்டில், கேட் கட்டளைக்கு வி ஆப்ஷன் சேர்த்ததைக் கண்டித்துப் பேசியது பிரபலம். ஃபைல்களை ஒட்டிக் கொடுப்பதுதான் கேட்டின் வேலை, கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைக் காட்டுவது தனிக் கருவியின் வேலை என்பது அவர் கட்சி. அதை நான் வேதமாக எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் ஓதினேன். விண்டோஸின் நோட்பேட் 1985-லிருந்து 2018 வரை யூனிக்ஸ் வகை வரிமுடிவைப் புரிந்துகொள்ளாமல் ஃபைல் முழுவதையும் ஒரே வரியாகக் காட்டியதையும் எளிமையின் பெருமை என்று நான் சொல்லியிருப்பேன், யாராவது கேட்டிருந்தால்.

அந்தக் காலத்தில்தான் அதே துப்புரவு ஸ்கிரிப்ட்காரர் வந்தார். பாதைகளை மட்டும், நடுவில் வரிமுடிவுக்குப் பதிலாகப் பூஜ்ய பைட் வைத்துக் கொடுக்க ஒரு ஆப்ஷன் வேண்டும் என்றார். யூனிக்ஸில் ஃபைல் பெயருக்குள் சாய்கோடும் பூஜ்ய பைட்டும் தவிர எது வேண்டுமானாலும் வரலாம். ஸ்பேஸ் வரலாம், வரிமுடிவே வரலாம். அதனால்தான் ஃபைல்களைத் தேடும் ஃபைண்டிலும், வரும் பெயர்களை இன்னொரு கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸிலும் இதற்கென்று ஆப்ஷன் இருக்கிறது. எனக்கு இதெல்லாம் தெரியும். இருந்தும் கேட் கதையைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் என்ன செய்வார் பாவம், என் வெளியீட்டிலிருந்து அளவை வெட்டிவிட்டு மீதியை எக்ஸ்ஆர்க்ஸுக்குக் கொடுத்தார். யாரோ ஒருவர் சாதனத்தில் "பேக்கப் பழசு" என்று ஒரு டைரக்டரி வைத்திருந்தார். நடுவில் ஒரு ஸ்பேஸ். எக்ஸ்ஆர்க்ஸ் அதை இரண்டாக வெட்டியது. "பேக்கப்" என்ற பெயரிலும் ஒரு டைரக்டரி இருந்தது. பழசுக்குப் பதில் புதுசு போயிற்று.

என் கருவிக்குள் இருந்தபோது அந்தப் பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று துல்லியமாகத் தெரியும். வெளியே எழுதிய கணத்தில் அந்த விவரம் தொலைந்துவிட்டது. தொலைந்ததை வெளியிலிருந்து எந்தக் கெட்டிக்காரப் பைப்பாலும் மீட்க முடியாது. திரையைப் புதுப்பிக்கும் வசதி அப்படிப்பட்டதில்லை, அதை வெளியே வாட்ச் நூறு சதவீதம் செய்யும். நான் உள்ளே எடுத்துக்கொண்டது வெளியே இருக்க வேண்டியது, வெளியே தள்ளியது உள்ளே இருக்க வேண்டியது.

அந்தக் கண்ணோடு பார்த்தால் டிடி கட்டளையின் கதையும் புரிகிறது. பெரிய ஃபைலை நகலெடுக்கும்போது டிடி பல காலம் ஊமையாக இருக்கும். எவ்வளவு முடிந்தது என்று அறிய வேண்டுமானால் இன்னொரு டெர்மினலிலிருந்து அதற்கு யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்ப வேண்டும். அந்த சிக்னலுக்குத் தயாராக இல்லாத புரோகிராமை அது கொன்றுவிடும் என்பதால், பிஎஸ்டி பக்கம் போய் அதே பழக்கத்தில் அனுப்பி, பாதி நகலை இழந்தவர்கள் உண்டு. 2015-ல் கோர்யூட்டில்ஸ் 8.24-ல்தான் முன்னேற்றத்தைக் காட்டும் ஆப்ஷன் டிடிக்கு உள்ளேயே வந்தது. எத்தனை பைட் போயிற்று என்பது டிடிக்குத்தான் நேரடியாகத் தெரியும், அது சொல்வதுதான் முறை.

இப்போது யாராவது ஒரு வசதி கேட்டால் நான் முதலில் கேட்பது, "இதை வெளியே ஒரு ஸ்கிரிப்டாக எழுதி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தீர்களா?" என்றுதான். தட்டிக் கழிப்பதற்காகக் கேட்பதில்லை, பெரும்பாலும் நானே எழுதிக் கொடுக்கிறேன். பாதிப் பேர் மாதக் கடைசியில் அதை மறந்துவிட்டிருப்பார்கள். மீதிப் பேர் ஸ்கிரிப்டோடு திரும்பி வருவார்கள். அந்த ஸ்கிரிப்ட் அழகில்லாமல் இருந்தால், நீளமாக இருந்தால், எனக்குக் கவலையில்லை. தப்பாக இருந்தால், அதுவும் எழுதத் தெரிந்தவர் எழுதியே தப்பாக வந்தால், அது உள்ளே வர வேண்டிய வசதி.

ஒற்றை எழுத்து ஆப்ஷன்களை இப்போது நான் கொடுப்பதே இல்லை. எழுத்துகள் தீர்ந்துபோகும், தப்பான வசதிக்குக் கொடுத்த நல்ல எழுத்தைத் திரும்ப வாங்க முடியாது. நீளப் பெயர் கொடுத்தால் வேண்டியவர் தட்டுவார். கம்பைல் நேரத்தில் வசதிகளைத் தனித்தனியே அணைக்க வைக்கும் பிஸிபாக்ஸ் வழி எனக்கு முன்பு ரொம்பப் பிடிக்கும். இடம் மிச்சம்தான், ஆனால் அந்த 1,024 விதக் கணக்கு அப்படியே இருக்கிறது, எந்தச் சாதனத்தில் எது இருக்கிறது என்ற குழப்பம் கூடுதல்.

வெளி லைப்ரரி எதையாவது இழுத்து வரும் வசதி என்றால் என் கை தானாக நின்றுவிடும். இடம் நிரம்பினால் மெயில் அனுப்பட்டுமே என்று ஒரு கோரிக்கை வந்தது. அனுப்பும் கோடு அறுபது வரி, அதற்காக வரும், மறையாக்கத்துக்கான டிஎல்எஸ் லைப்ரரி எங்கள் கருவியைப்போல் பல மடங்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். 2024 மார்ச்சில் ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரிக்குள் பின்வாசல் வைத்த விவகாரம் வெடித்தபோது இதைத்தான் நினைத்துக்கொண்டேன். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச்சுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் சம்பந்தமே இல்லை. "நான் தயார்" என்று சர்வீஸ்களைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி-க்கு ஒரு வரிச் செய்தி அனுப்புவதற்காகச் சில விநியோகங்கள் எஸ்எஸ்எச் சர்வரோடு சிஸ்டம்டி லைப்ரரியை இணைத்திருந்தன, அந்த லைப்ரரி எக்ஸ்இசட்டைக் கூட்டி வந்தது. அந்தச் செய்தியை ஒரு சாக்கெட்டில் நேரடியாக எழுதினால் போதும். பிறகு ஓபன்எஸ்எஸ்எச் அப்படித்தான் செய்தது, லைப்ரரி எதுவும் இல்லாமல்.

சேர்த்ததை எடுப்பது பற்றி எனக்கு நல்ல சேதி இல்லை. திரை புதுப்பிக்கும் வசதியை எடுக்க முயன்றேன். முதலில் "இது போகப் போகிறது, வாட்ச் பயன்படுத்துங்கள்" என்று எரர் வெளியீட்டில் ஒரு வரி எழுத வைத்தேன். மறுநாள் காலை, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரான் வேலையிலிருந்து ஒருவருக்கு அந்த வரி நானூறு மெயிலாக வந்திருந்தது. கிரானில் திரையை ஏன் புதுப்பிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார். அந்த வசதி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. உதவிக் குறிப்பிலிருந்து மட்டும் பெயரை எடுத்துவிட்டேன்.

போன மாதம் ஒருவர், நேற்றைக்கும் இன்றைக்கும் எந்த டைரக்டரி எவ்வளவு வளர்ந்தது என்று காட்ட முடியுமா என்று கேட்டார். ஐந்து வரி ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன்: வெளியீட்டை ஒரு ஃபைலில் சேமித்து மறுநாள் ஒப்பிடுவது. மூன்று வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு ராத்திரி பாதியில் மின்சாரம் போயிருக்கிறது, சேமித்த ஃபைல் பாதியில் நின்றுவிட்டது, காலையில் பாதி டைரக்டரிகள் புதிதாக முளைத்ததாக அறிக்கை. தற்காலிக ஃபைலில் எழுதி முடித்துப் பெயர் மாற்றும்படி திருத்தினேன், பதினோரு வரி ஆயிற்று. அப்புறம் ஸ்பேஸ் உள்ள பெயர்கள், அப்புறம் அழிக்கப்பட்ட டைரக்டரிகள். இருபத்து மூன்றாம் வரியில், எழுதத் தெரிந்தவன் எழுதியே தப்பாக வருகிறது என்று ஒத்துக்கொண்டேன்.

பழைய கருவியில் கை வைக்கவில்லை. பக்கத்தில் தனியாக ஒரு புது ஃபைல் திறந்து, துப்புரவு ஸ்கிரிப்ட்காரர் கேட்ட அந்தப் பூஜ்ய பைட் வெளியீட்டைப் போலவே ஒரு வடிவத்தை வாங்கி ஒப்பிடும் வேலையை மட்டும் செய்யும் ஒரு கருவியைத் தொடங்கியிருக்கிறேன். இப்போதைக்கு 140 வரி. பெயர்கூட வைக்கவில்லை. கேட்டவருக்கு நேற்று ஒருமுறை ஓட்டிக் காட்டினேன். பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். வளர்ந்ததைச் சிவப்பில் காட்டினால் இன்னும் நன்றாக இருக்குமாம்.